வெப்பமும் கதிரும்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மில் பலருடைய நெஞ்சில் ஓர் அச்சம் எழுகின்றது. அவ்வச்சம் இயற்கையே. ஆயினும் அச்சத்தைக் காட்டிலும் அறிவே நமக்குப் பெரிதும் பயன்படும். ஆகவே, அந்நோயைப் பற்றிய செய்திகள் அனைத்தையும் கூற முற்படாமல், அதற்குச் செய்யப்படும் சிகிச்சைகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் தத்துவத்தை இன்று விளக்க விரும்புகின்றேன். கதிர்வீச்சுச் சிகிச்சையோடு வெப்பச் சிகிச்சையையும் சேர்த்துச் செய்வதே அந்த முறை. மாணவர்களாகிய நீங்கள் பௌதிக வகுப்பிலே கற்கும் வெப்பமும், இரசாயன வகுப்பிலே கற்கும் பிராணவாயுவும், உயிரியல் வகுப்பிலே கற்கும் உயிரணுவும் ஒரு நோயாளியின் படுக்கையருகே ஒன்றுகூடுவதை இப்பொருளிலே நீங்கள் காணலாம்.

முதலில் கதிர்வீச்சைப் பற்றிச் சில சொற்கள். 1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மானியப் பேராசிரியர் ரான்ட்ஜென் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1898-இல் பாரிஸ் நகரிலே கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். சில ஆண்டுகளுக்குள்ளாகவே மருத்துவர்கள் இவற்றைப் புற்றுநோய்க் கட்டிகளின்மீது பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். இக்கதிர்கள் கட்டியைச் சுட்டுப் பொசுக்கிவிடுகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

கதிர்வீச்சின் அளவைக் 'கிரே' என்ற அலகால் குறிக்கின்றனர். ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றுக்கொண்டால் அது ஒரு கிரே ஆகும். கடினமான கட்டியொன்றுக்கு ஆறேழு வாரங்களில் சிறிது சிறிதாகக் கொடுத்து முடிக்கும் மொத்த அளவு ஏறத்தாழ 70 கிரே. அந்த எழுபது ஜூல்களையும் ஒரே சமயத்தில் ஒரு கிலோ தசைக்குள் செலுத்தினாலும் அதன் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூட உயராது! ஒரு வாய் வெந்நீர் பருகினால் உடம்பிற்குள் செல்லும் வெப்பம் அதைவிடப் பன்மடங்கு மிகுதி. அப்படியானால் இக்கதிர்கள் எவ்வாறு உயிரணுவைக் கொல்கின்றன?

அவற்றின் வலிமை ஆற்றலின் மொத்தத்தில் இல்லை. அது விழுகின்ற இடத்தில் இருக்கின்றது. எக்ஸ் கதிர் உடம்பினுள் நுழையும்போது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்த்தெறிகின்றது. அவை உயிரணுவினுள் உள்ள நீர் மூலக்கூறுகளையும் சிதைத்து, நிலையற்ற துணுக்குகளை உண்டாக்குகின்றன. எலெக்ட்ரான்களும் இத்துணுக்குகளும் உயிரணுவின் கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையைத் தாக்குகின்றன. பரம்பரைச் செய்திகளையெல்லாம் தாங்கி நிற்கும் இவ்விழை முறுக்கிய இரட்டைக் கயிறு போன்றது. ஒரு புரி அறுந்தால் உயிரணு அதனை எளிதில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு புரிகளும் ஒரே இடத்தில் அறுந்துவிட்டால் ஒட்டுவது அரிது. ஒட்டமுடியாத உயிரணு, பின்னர் இரண்டாகப் பிளக்க முயலும்போது மடிகின்றது. ஆகவே கதிர்வீச்சுச் சிகிச்சை என்பது, அறுக்கும் கதிருக்கும் ஒட்டும் உயிரணுவுக்கும் இடையே நடக்கும் ஒரு போட்டியே எனலாம்.

இப்போட்டியில் கதிர் எப்போதும் வெல்வதில்லை. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது காரணம் பிராணவாயு. கதிரால் உண்டான சேதம் நிலைபெற வேண்டுமானால் அந்த இடத்திலே பிராணவாயு இருத்தல் வேண்டும். அஃதில்லையேல் ஏற்பட்ட புண் கணப்பொழுதில் பழைய நிலைக்கு மீண்டுவிடக்கூடும். பிராணவாயு இல்லாத உயிரணுவைக் கொல்வதற்கு, அது நிறைந்துள்ள உயிரணுவுக்குத் தேவைப்படுவதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படுகின்றது. இங்கிலாந்தைச் சேர்ந்த கிரே என்ற பௌதிக அறிஞரும் அவருடைய தோழர்களும் 1953-இல் இதன் முக்கியத்துவத்தை எடுத்துக் காட்டினர். கதிரின் அலகுக்கு 1975-இல் சூட்டப்பட்ட பெயர் இவருடையதே. 1955-இல் தாம்லின்சன் என்பவரும் கிரேயும் சேர்ந்து நுரையீரல் புற்றுக்கட்டிகளின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தனர். இரத்தக் குழாய்க்கு அருகேயுள்ள உயிரணுக்கள் செழித்திருந்தன. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு தூரத்துக்கு அப்பால் அவை மடிந்து கிடந்தன. அவ்வளவு தூரம் செல்வதற்குள் பிராணவாயு தீர்ந்துபோய்விடுகின்றது. வாய்க்காலின் தலைமடையில் உள்ள வயல் விளைந்திருக்கக் கடைமடை காய்ந்து கிடப்பதைப் போன்ற காட்சி அது. செழிப்புக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லையிலே, பிராணவாயுவுக்கு ஏங்கியபடி உயிரோடிருக்கும் அணுக்கள் சில உண்டு. அவையே கதிருக்கு அஞ்சாதவை. சிகிச்சை முடிந்த பின்னர் நோய் மீண்டும் தலைதூக்குவதற்கு அவை வித்தாக அமையக்கூடும்.

இரண்டாவது காரணம் உயிரணுவின் பருவம். ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன்னர்த் தன் டி.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுத்துக்கொள்கின்றது. இவ்வாறு பிரதி எடுக்கும் பருவத்தின் பிற்பகுதியிலே அது கதிரை மிகவும் எதிர்த்து நிற்கும். மூன்றாவது காரணம் முன்னரே கூறியதுதான். ஒட்டுவேலையில் உயிரணுவுக்குள்ள திறமை. கதிரின் அளவைக் கூட்டிக்கொண்டே சென்று இம்மூன்றையும் வென்றுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கட்டியைச் சுற்றிலும் குடலும் மூத்திரப்பையும் நரம்பும் தோலும் இருக்கின்றனவே! அவை தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு கதிரின் பயனைப் பெருக்கும் வழி ஒன்று வேண்டும். அவ்வழிகளுள் ஒன்றாக வெப்பம் நம்முன் வந்து நிற்கின்றது.

நோயை வெப்பத்தால் தணிக்கலாம் என்ற எண்ணம் மிகப் பழைமையானது. ஆயினும் அது அறிவியலின் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டிலேதான். 1866-இல் ஜெர்மனியில் பான் நகரத்து அறுவை மருத்துவர் புஷ் என்பவர் ஒரு வியப்பான நிகழ்ச்சியை வெளியிட்டார். முகத்திலே புற்றுக்கட்டி கொண்டிருந்த ஒரு நோயாளிக்கு, எரிசிப்பெலாஸ் எனப்படும் தோல் நோய் தொற்றிக் கடுமையான காய்ச்சல் கண்டது. காய்ச்சலைத் தொடர்ந்து கட்டி மறைந்துவிட்டது. 1891-இல் நியூயார்க் நகரிலே வில்லியம் கோலி என்ற மருத்துவர் இத்தகைய காய்ச்சலை வேண்டுமென்றே வருவிக்க முற்பட்டார். கிருமிகளையும், பின்னர்க் கொல்லப்பட்ட கிருமிகளின் கலவையையும் ஊசிமூலம் செலுத்தினார். சிலருக்குப் பலன் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. அங்கே வேலை செய்தது காய்ச்சலின் வெப்பம் மட்டுமன்று, கிருமிகளைக் கண்டு விழித்தெழுந்த உடம்பின் தற்காப்புச் சக்தியுமாகும் என்று இக்காலத்தார் கருதுகின்றனர்.

காய்ச்சலை விடுத்து, கட்டியை மட்டும் நேரே சூடாக்கிப் பார்த்தவர்களுள் ஸ்வீடன் தேசத்து வெஸ்டர்மார்க் குறிப்பிடத்தக்கவர். 1898-இல் அவர் கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு, வெந்நீர் ஓடும் சுருள் குழாயினால் நீண்ட நேரம் வெப்பமூட்டிய செய்தியை வெளியிட்டார். ஆனால் அவ்வாண்டுகளிலேதான் எக்ஸ் கதிரும் ரேடியமும் வந்து மருத்துவ உலகத்தின் கண்ணைப் பறித்துக்கொண்டன. வெப்பம் மூலையிலே ஒதுங்கியது. 1960-க்குப் பின்னர், உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டிலே வளர்த்து ஆராயும் முறைகள் தேர்ந்தபோதுதான் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. 1975-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரிலே, வெப்பத்தாலும் கதிராலும் புற்றுநோயைத் தணிப்பது பற்றிய சர்வதேசக் கருத்தரங்கு ஒன்று கூடியது. இரண்டும் ஒன்றோடொன்று கைகோத்தால் என்ன என்ற கேள்வி அதன் தலைப்பிலேயே அமைந்திருந்தது.

அக்கேள்விக்கு ஆய்வுக்கூடங்கள் தந்த விடை மிகவும் சுவையானது. கதிர் எங்கே தளர்கின்றதோ, பெரும்பாலும் அங்கேயே வெப்பம் வலுப்பெறுகின்றது!

பிராணவாயுவுக்கு ஏங்கும் அணுக்களை எடுத்துக்கொள்வோம். அவை தங்கள் ஆற்றலைப் பிராணவாயு இன்றியே பெற முயல்வதால் அவற்றைச் சுற்றிலும் அமிலம் தேங்குகின்றது, உணவும் குறைவு. அமிலமும் பட்டினியும் உள்ள இடத்திலே உயிரணு வெப்பத்தைத் தாங்குவதில்லை. கதிருக்கு அசையாத அதே அணு 42, 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலே தளர்ந்து வீழ்கின்றது. அடுத்து, பிரதி எடுக்கும் பருவம். கதிரை எதிர்த்து நிற்கும் அப்பருவமே வெப்பத்தால் எளிதில் நலியும் பருவமாகும். மூன்றாவதாக ஒட்டுவேலை. அறுந்த இழையை ஒட்டும் பணியைச் செய்வன புரதங்கள். முட்டையின் வெண்கரு சூட்டிலே உருமாறுவதை நாம் அடுக்களையில் நாள்தோறும் காண்கின்றோம். அவ்வளவு சூடு இங்கே தேவையில்லை; சிறிது வெப்பத்திலேயே சில நுட்பமான புரதங்கள் தம் உருவும் தொழிலும் கெடுகின்றன. நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றின்படி, 41 முதல் 42.5 டிகிரி வரையுள்ள வெப்பத்திலே பி.ஆர்.சி.ஏ.2 என்ற முக்கியமான ஒட்டுப் புரதம் அழிந்துவிடுகின்றது. கதிர் இழையை அறுக்கின்றது. வெப்பம் அதனை ஒட்டவிடாமல் செய்கின்றது. ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பார்கள். இங்கே இரண்டு கைகள் சேர்கின்றன.

இவற்றோடு இன்னொரு நன்மையும் உண்டு. மிதமான வெப்பத்தால் கட்டியினுள் இரத்த ஓட்டம் பெருகி, பிராணவாயு முன்னிலும் மிகுதியாகச் சென்றடையக்கூடும். அப்போது கதிரின் வேலையும் எளிதாகின்றது.

இதைக் கேட்டதும் ஓர் ஐயம் உங்களுக்கு எழலாம். வெப்பம் புற்று அணுவை மட்டும் தாக்கி, நல்ல அணுவை விட்டுவிடுமா? நல்ல உடலுறுப்பு சூடேறும்போது அதன் இரத்தக் குழாய்கள் விரிந்து, ஓடும் இரத்தம் பன்மடங்காகி, வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடுகின்றது. கட்டியிலுள்ள குழாய்களோ அவசரத்திலே கட்டிய தெருக்களைப்போலக் கோணலும் முட்டுச்சந்துமாக இருப்பவை. சூடு மிகும்போது அவற்றால் போதிய அளவு விரிய இயலாது. ஆகவே காற்றோட்டமில்லாத அறையில் புழுக்கம் தங்குவதுபோலக் கட்டியினுள் வெப்பம் தங்குகின்றது. இவ்வேறுபாடு எல்லாக் கட்டிகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதையும் மறத்தலாகாது.

இனி, வெப்பத்தை எவ்வாறு உள்ளே செலுத்துவது? இங்கேதான் பொறியியலாளர்களின் தலைவலி தொடங்குகின்றது. ஒரு கிலோ தசையின் வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு உயர்த்தச் சுமார் 18,000 ஜூல் ஆற்றல் வேண்டும். முன்னர்ச் சொன்ன 70 கிரே கதிரின் ஆற்றலைப்போல் இது ஏறத்தாழ 250 மடங்கு. இத்தனையும் செலுத்திய பின்னும், ஓடுகின்ற இரத்தம் அதனைத் திருடிக்கொண்டே இருக்கும். வெந்நீர்ப் பையை வயிற்றின்மேல் வைத்தால் தோல் புண்ணாகுமேயன்றி உள்ளே ஆழத்திலிருக்கும் கட்டி சூடேறாது.

தோலுக்கு அருகிலுள்ள கட்டிகளுக்கு நுண்ணலைகளைப் பயன்படுத்துகின்றனர். 434 அல்லது 915 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள அலைகள் சில சென்டிமீட்டர் ஆழம் வரையில் சூடேற்ற வல்லவை. இடுப்புக்குழியின் ஆழத்தில் உள்ள கட்டிக்கு வேறு உபாயம் உண்டு. நோயாளியைச் சுற்றி வளையம்போல் பல அலைபரப்பிகளை அமைத்து, 70 முதல் 120 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை எல்லாப் பக்கங்களிலிருந்தும் செலுத்துகின்றனர். பண்பலை வானொலி நமக்கு இசையைக் கொண்டுவரும் அலைவரிசையும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கியுள்ளது என்பதை வானொலி நேயர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டும். அவ்வலைகள் வெளியே கசிந்து பிற கருவிகளைக் குழப்பாதிருக்கச் சிகிச்சை அறையையே உலோகத்தால் கவசமிடுகின்றனர். ஒவ்வோர் அலையும் எந்த நொடியில் முகடாகவும் எந்த நொடியில் பள்ளமாகவும் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுச் செலுத்தினால், அவை கட்டி இருக்கும் இடத்திலே முகடும் முகடுமாக ஒன்றுசேர்ந்து வலுக்கும். குளத்திலே இருபுறமும் கல்லெறிந்து அலைகள் சந்திக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இத்தத்துவம் எளிதில் விளங்கும். தோலுக்கும் வளையத்துக்கும் இடையே நீர் நிறைந்த பை ஒன்று இருக்கும். அது அலைகளை உடம்பினுள் சீராகச் செலுத்துவதோடு, தோலைக் குளிர்வித்துக் காப்பாற்றவும் செய்கின்றது. ஜப்பானிலும் வேறு சில நாடுகளிலும் 8 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை இரு தகடுகளுக்கிடையே பாய்ச்சும் கருவிகள் வழங்குகின்றன.

சிகிச்சை ஒரு முறைக்கு அறுபது முதல் தொண்ணூறு நிமிஷம் வரையில் நீடிக்கும். நோயாளிக்கு வியர்க்கும், நாடி வேகமாகும். மெல்லிய வெப்பமானிகளைச் சிறுநீர் வழியிலும் மலக்குடலிலும் கட்டியை ஒட்டியும் வைத்து வெப்பநிலையைக் கண்காணிக்கின்றனர். ஆனால் எத்தனை வெப்பமானிகள் வைத்தாலும் உடம்பின் ஒவ்வொரு மூலையையும் அவை அறியமாட்டா. ஆகவே, "இந்த இடத்தில் சுடுகின்றது" என்று நோயாளி சொல்லும் சொல்லுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. அச்சொல்லைக் கேட்டவுடன் அலைகளின் போக்கை மாற்றி அமைக்கின்றனர். காந்த ஒத்ததிர்வுப் படக்கருவியின் துணைகொண்டு, உடம்பைத் துளைக்காமலே உள்வெப்பத்தை அளக்கும் முறையும் உருவாகியுள்ளது.

கதிர்வீச்சை வாரம் ஐந்து நாட்கள் கொடுக்கின்றனர். வெப்பத்தையும் நாள்தோறும் கொடுத்தால் என்ன? இதற்கு விடை ஓர் ஈயின் வரலாற்றிலே உள்ளது. இத்தாலிய அறிஞர் ரிட்டோசா என்பவர் பழ ஈக்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து வந்தார். அவை இருந்த பெட்டியின் வெப்பநிலையை யாரோ தெரியாமல் உயர்த்திவிட்டனர். அன்று நுண்ணோக்கியில் பார்த்தபோது குரோமோசோம்களின் சில இடங்கள் புதிதாகப் புடைத்திருந்தன. சூடு பட்ட உயிரணு தன்னைக் காத்துக்கொள்ளச் சில மரபுக்கூறுகளை விழிப்பித்திருக்கின்றது! 1962-இல் வெளியான இச்செய்தியிலிருந்து, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற பெரிய ஆராய்ச்சித் துறையே தோன்றிவிட்டது. ஒருமுறை சூடுபட்டுப் பிழைத்த உயிரணு இப்புரதங்களை உண்டாக்கிக்கொண்டு, அடுத்த இரண்டு மூன்று நாட்கள் வெப்பத்தைத் தாங்கும் வலிமை பெற்றுவிடுகின்றது. அந்த வலிமை தணியும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால்தான் வெப்பச் சிகிச்சையை வாரத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை மட்டுமே அளிக்கின்றனர்.

வெப்பத்தின் அளவைக் கணக்கிடவும் ஒரு விதி உண்டு. அமெரிக்க அறிஞர்கள் சபரெட்டோவும் டூயியும் 1984-இல் அதனை வகுத்தளித்தனர். 43 டிகிரியை அடிப்படையாகக் கொண்டால், அதற்குமேல் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் தேவையான நேரம் பாதியாகின்றது. கீழே ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் நேரம் நான்கு மடங்காகின்றது. 43 டிகிரியில் 60 நிமிஷம் செய்யும் வேலையை 44 டிகிரி 30 நிமிஷத்தில் செய்துவிடும்; 42 டிகிரிக்கோ 240 நிமிஷம் வேண்டும். ஒரு டிகிரி தவறினால் எவ்வளவு வேறுபாடு என்பதைப் பாருங்கள்! பின்வரும் செய்திகளை விளங்கிக்கொள்ள இக்கணக்கு உதவும்.

ஆய்வுக்கூடத்தில் வென்ற முறை மருத்துவமனையிலும் வென்றதா? இதனை அறிய ஒரே நேர்மையான வழி ஒப்பீட்டுச் சோதனையாகும். ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கதிர் மட்டும், மற்றப் பிரிவினருக்குக் கதிரும் வெப்பமும் அளித்துப் பார்க்க வேண்டும்.

1980-க்குப் பின்னர் அமெரிக்காவிலே பல மருத்துவமனைகள் சேர்ந்து, மேலோட்டமான கட்டிகளில் இத்தகைய சோதனை ஒன்றை நடத்தின. மொத்தத்தில் வெப்பத்தால் பயனில்லை என்ற முடிவே கிடைத்தது. நம்பிக்கையோடு இருந்தவர்கள் மனமுடைந்தனர். ஆயினும் அம்முடிவை ஊன்றிப் பார்த்தவர்கள், மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டிகளில் பயன் தென்பட்டதைக் கவனித்தனர். பெரிய கட்டிகளை அக்காலக் கருவிகளால் சரியாகச் சூடாக்கவே இயலவில்லை. மருந்தே உட்செல்லாதபோது மருந்தைக் குறைகூறுதல் எவ்வாறு பொருந்தும்?

அதன் பின்னர் வந்த சோதனைகள் வேறு விதமாகப் பேசின. 1995-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் வெளியிட்ட சோதனையில், மெலனோமா எனப்படும் தோற்புற்றின் கட்டிகள் கதிரால் மட்டும் 35 விழுக்காடு முற்றும் மறைந்தன. வெப்பமும் சேர்ந்தபோது 62 விழுக்காடு மறைந்தன. 1996-இல் மார்பகப் புற்றைப் பற்றிய ஐந்து சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 306 நோயாளிகளில், 41 விழுக்காடாக இருந்த பலன் 59 விழுக்காடாக உயர்ந்தது. முன்னர்க் கதிர் பெற்ற இடத்திலேயே நோய் மீண்டும் தோன்றி, மறுமுறை மிகுதியான கதிர் கொடுக்க இயலாத நோயாளிகளிடத்திலே இப்பயன் மிகத் தெளிவாகக் காணப்பட்டது.

எல்லாவற்றினும் பெயர் பெற்றது நெதர்லாந்துச் சோதனை. 1990 முதல் 1996 வரையில், இடுப்புக்குழியில் முற்றிய புற்று உடைய 358 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர். அதன் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் கருப்பைக் கழுத்துப் புற்று உடையவர்கள் 114 பெண்கள். கதிர் மட்டும் பெற்றோருள் 57 விழுக்காட்டினரிடம் கட்டி முற்றும் மறைந்தது. வெப்பமும் பெற்றோருள் 83 விழுக்காட்டினரிடம் மறைந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தோர் முதற்பிரிவில் 27 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 51 விழுக்காடு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோதும் 20 விழுக்காட்டுக்கு 37 விழுக்காடு என்ற வேறுபாடு நிலைத்து நின்றது. இவ்வெண்களை வெறும் எண்களாகக் கருதாதீர்கள். நூறு பெண்களில் பதினேழு பேர் கூடுதலாகத் தங்கள் குடும்பத்தோடு வாழ்ந்தனர் என்பதே அதன் பொருள்.

ஆனால் நடுநிலையாளன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே சோதனையில் மலக்குடல் புற்றுக்குக் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. மூத்திரப்பைப் புற்றிலே முதலில் தோன்றிய வேறுபாடு காலப்போக்கில் மங்கிவிட்டது. சர்வதேச அணுசக்தி நிறுவனத்தின் ஆதரவில் 110 பெண்களிடம் நடந்து 2005-இல் வெளியான சோதனையில், கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு வெப்பத்தால் நன்மை விளையவில்லை. இதற்கிடையே 1999-இல் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைக் கதிரோடு சேர்த்தால் இதே நோயில் ஆயுள் நீடிக்கின்றது என்று பல சோதனைகள் ஒருங்கே காட்டின. மருந்து கொடுப்பது எளிது. வெப்பக் கருவியோ விலை மிகுந்தது, அதனை இயக்கத் தேர்ந்த குழு ஒன்றும் வேண்டும். ஆகவே பெரும்பாலான நாடுகள் மருந்தின் பக்கமே சாய்ந்தன. சிறுநீரகக் கோளாறு முதலிய காரணங்களால் அம்மருந்தைத் தாங்க இயலாத பெண்களுக்கு வெப்பம் ஒரு மாற்று வழியாக நெதர்லாந்திலே பயன்படுகின்றது. மருந்து, கதிர், வெப்பம் மூன்றையும் சேர்த்தால் என்ன என்று ஜப்பானிலே 101 பெண்களிடம் சோதித்தனர். 2016-இல் வெளியான முடிவு, வெப்பம் பெற்றவர்களின் பலன் சற்று மேம்பட்டிருந்ததையும், ஆயினும் ஆயுளைப் பற்றி உறுதி கூறும் அளவுக்கு அவ்வேறுபாடு பெரிதாக இல்லை என்பதையும் காட்டியது.

கதிருக்கும் வெப்பத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதும் தீராத வழக்கு. ஒட்டுவேலை நடந்து முடிவதற்குள் வெப்பம் சென்று தடுக்க வேண்டும் என்பது தத்துவம். இடைவெளி குறையக் குறைய நன்மை மிகும் என்று ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 2017-இல் எழுதினர். நான்கு மணி நேரத்துக்குள் எப்போது கொடுத்தாலும் வேறுபாடில்லை என்று ராட்டர்டாம் மருத்துவர்கள் 2019-இல் எழுதினர். ஒரே நாட்டில், அண்டை நகரங்களில் உள்ள அறிஞர்கள் இவ்வாறு மாறுபடுவதைக் கண்டு நீங்கள் அறிவியலின்மீது நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. தம் கணக்கை எல்லோரும் காண விரித்துவைத்து வாதாடுவதுதான் அறிவியலின் பண்பு.

இச்சிகிச்சையால் தீங்குகள் இல்லையா? உண்டு. சிலருக்குத் தோல் கொப்புளிக்கும். சிலருக்குத் தோலின் அடியிலுள்ள கொழுப்பு சூடுபட்டு வலிக்கும். பெரும்பாலும் இவை சில நாட்களிலோ வாரங்களிலோ ஆறிவிடுகின்றன. கதிரால் பின்னாளில் தோன்றும் தீங்குகளை வெப்பம் பெரிதும் கூட்டியதாக மேற்கூறிய பெருஞ்சோதனைகளில் தெரியவில்லை. இதயத் துடிப்பைச் சீர்செய்யும் மின்கருவி பொருத்திக்கொண்டவர்களுக்கும், சூட்டை உணர முடியாதவர்களுக்கும் இம்முறை ஏற்றதன்று.

நேயர்களே, வெப்பம் புற்று அணுவைக் கொல்லும் என்ற பாதி உண்மையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போகக்கூடாது என்பதே என் வேண்டுகோள். பாதி உண்மையை விற்றுப் பிழைப்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர். வெப்பம் ஒன்றே போதும், கதிரும் கத்தியும் வேண்டா என்று எவரேனும் சொன்னால், நான் மேலே கூறிய சோதனைகளில் எதுவும் அவருக்குச் சாட்சி சொல்லாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவற்றுள் ஒவ்வொன்றிலும் வெப்பம் துணையாகவே நின்றது. தலைமை தாங்கியது கதிரே. வீட்டிலே ஒத்தடம் கொடுத்தும், கட்டியின்மேல் சூடு வைத்தும் நோயைத் தீர்க்க முனைவோர் கட்டியை 42 டிகிரிக்குக் கொண்டுவரவும் இயலாது. அதனோடு விலைமதிக்க முடியாத காலத்தையும் இழக்கின்றனர். தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சென்றால் எளிதில் தீரக்கூடிய நோய், இத்தாமதத்தினால் தீராத நோயாக மாறிவிடலாம்.

இரண்டாவதாக, மாணவர்களுக்கு ஒரு சொல். இத்துறையிலே முட்டுக்கட்டையாக நிற்பது தத்துவத்தின் குறைவன்று, அளவையின் குறைவாகும். உடம்பின் ஆழத்தில் உள்ள ஒரு கட்டியைச் சீராகச் சூடாக்கவும், அதன் ஒவ்வொரு பகுதியின் வெப்பநிலையையும் பிழையின்றி அறியவும் வல்ல கருவிகள் மேலும் செம்மைப்பட வேண்டும். அவை ஏழை நாடுகளின் மருத்துவமனைகளும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கவும் வேண்டும். அலைகளைப் பற்றிக் கற்பவர், மின்சுற்றுக்களைப் பற்றிக் கற்பவர், கணிதம் கற்பவர், உயிரணுவை ஆராய்பவர் ஆகிய அனைவருக்கும் இங்கே வேலை இருக்கின்றது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்தாம் நோயாளிக்கு உதவ முடியும் என்று எண்ண வேண்டா. ஒரு டிகிரியின் வேறுபாடு எத்தனை பெரிது என்பதை உணர்ந்து, அதனைச் சரியாக அளக்கக் கற்றுக்கொள்பவர் எவரோ, அவரும் ஓர் உயிரைக் காத்தவரே ஆவார்.